கோப்புப் பெயரில் இடைவெளி வந்தால்: பாஷ், ஃபிஷ், சிஎம்டி, பவர்ஷெல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் இசைகுடிமானங்களையும் (செட்டிநாட்டுத் திருமண ஒப்பந்த ஏடுகள்) பேரேடுகளையும் ஸ்கேன் எடுத்து வைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, எல்லாப் படத்துக்கும் ஒரே கட்டளையில பேர் மாத்தணும். எந்த ஷெல் நல்லது?" ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி, அதற்கான நிரலை ஓட்டும் நிரல்; தலைப்பில் உள்ள நான்கும் அந்த வகை. வேகமும் அழகும் பிறகு. "முகப்புத் தூண் 3.ஜேபிஜி" என்ற பெயர் சிதையாமல் நிரலின் கைக்குப் போகிறதா? நான் ஷெல்லை எடைபோடுவது இதை வைத்துத்தான்.

லினக்ஸிலும் மேக்கிலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு நிரலைத் தொடங்கும்போது அதற்குத் தருவது ஒரு பட்டியல். ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டும், அதாவது கட்டளையோடு நாம் கொடுக்கும் ஒவ்வொரு பெயரும் மதிப்பும், தனி எழுத்துச் சரம். பிரிக்கிற வேலையை ஷெல் முன்னாலேயே முடித்துவிடும். நாம் போட்ட மேற்கோள்குறி நிரலின் கண்ணிலேயே படாது. "எல்லாக் கோப்பும்" என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை (*) விரித்துப் பெயர்களாக ஆக்குவதும் ஷெல்தான். விண்டோஸில் கதையே வேறு. நிரலுக்குப் போவது ஒரே ஒரு நீளச் சரம். அதை எங்கே வெட்டுவது என்பது அந்தந்த நிரலின் பாடு. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டின் சி ரன்டைம் (சி மொழி நிரல்கள் ஓடுவதற்கான நூலகம்) விதிப்படி வெட்டுகின்றன, ஆனால் எல்லாமே அல்ல. எனக்கு லினக்ஸ் முறைதான் சரியென்று படுகிறது. வெட்டுகிற கை ஒன்றே என்றால், தப்பு நடந்தாலும் எங்கே என்று தேட முடியும்.

அதற்காக பாஷ் ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. 1979-இல் வந்த போர்ன் ஷெல்லிடமிருந்து அதற்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது: மேற்கோள்குறி இல்லாமல் ஒரு மாறியை (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) எழுதினால், அதன் மதிப்பை இடைவெளியில் வெட்டும். மாறிக்குள் "இசைகுடிமானம் 1938.ஜேபிஜி" இருக்கிறது, அதை அழிக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலுக்குப் போவது இரண்டு பெயர்: "இசைகுடிமானம்", "1938.ஜேபிஜி". இரண்டாவது பெயரில் வேறொரு படம் அங்கே இருந்தால் அது போய்விடும், நீங்கள் நினைத்த படம் அப்படியே இருக்கும். மறு பிரதி இல்லாத ஆவணத்தில் இது விளையாட்டல்ல. மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டால் தீர்ந்தது. ஸ்கிரிப்ட்டுக்கு (கட்டளைகளை எழுதிச் சேமித்த கோப்பு) வந்த ஆர்க்யுமென்ட்டுகளை அப்படியே இன்னொரு நிரலுக்குக் கடத்த "$@" என்று மேற்கோளோடு எழுதுங்கள். "$*" எல்லாவற்றையும் ஒரே சரமாக ஒட்டிவிடும். இன்னொன்று: நட்சத்திரக் குறி விரிந்து வரும் பெயர்களை பாஷ் மறுபடி வெட்டாது. அங்கே இடைவெளியால் தொல்லை இல்லை, ஆனால் "-2 பின்பக்கம்.ஜேபிஜி" என்று ஒரு கோப்பு இருந்தால் முன்னால் உள்ள கோட்டைப் பார்த்து நிரல் அதை ஆப்ஷன் (நிரல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் குறி) என்று எடுத்துக்கொள்ளும். வெறும் * போடாமல் ./* என்று எழுதுவது நல்ல பழக்கம்.

ஃபிஷ் இந்த வெட்டும் பழக்கத்தையே விட்டுவிட்டது. மாறியில் ஒரு பெயர் இருந்தால், மேற்கோள் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே ஆர்க்யுமென்ட்தான். நட்சத்திரக் குறிக்குப் பொருந்தும் கோப்பே இல்லாதபோது பாஷ் நட்சத்திரத்தை அப்படியே நிரலிடம் தள்ளிவிடும். ஃபிஷ் பிழை காட்டி நின்றுவிடும். இசட்ஷெல் என்ற இன்னொரு ஷெல்லும் இரண்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். 2019 முதல் மேக்கில் இயல்பாக வருவதும் அதுதான். ஃபிஷ்ஷில் ஒரே குறை, பாஷுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் அதில் பெரும்பாலும் ஓடாது.

விண்டோஸின் பழைய ஷெல்லான சிஎம்டியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒற்றை மேற்கோள் அங்கே மேற்கோளே அல்ல. அதைவிட மோசம், "டி:\வளவு படங்கள்\" என்று எழுதுவது. கடைசிப் பின்சாய்கோடும் அடுத்துள்ள மேற்கோளும் சேர்ந்து, சி ரன்டைம் விதிப்படி பெயரின் உள்ளே வரும் ஓர் எழுத்தாகிவிடுகின்றன. மேற்கோள் மூடவில்லை என்று எண்ணி, பின்னால் வரும் இலக்கு ஃபோல்டரையும் நிரல் இதே பெயரோடு சேர்த்துக்கொள்ளும். பார்க்க ஒரு தப்பும் தெரியாது. கடைசிச் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாகப் போடுங்கள்.

பவர்ஷெல் தன் சொந்தக் கட்டளைகளுக்குள் தகவலைச் சரமாக வெட்டி ஒட்டாமல் பொருள்களாகவே (ஆப்ஜெக்ட்) கடத்துவதால் அங்கே நிம்மதி. வெளி நிரலை அழைக்கும்போதுதான் சிக்கல். விண்டோஸோடு வரும் 5.1-இல், ஆர்க்யுமென்ட்டுக்குள் இருக்கும் இரட்டை மேற்கோள் தொலைந்துபோகும். வெற்றுச் சரம் போய்ச் சேராது. 2022-இல் வந்த 7.3 இதைத் திருத்தியது. ஆனாலும் விண்டோஸில் .பேட் கோப்புகளை (சிஎம்டி ஸ்கிரிப்ட்டுகள்) அழைக்கும்போது இன்றும் பழைய முறைதான்.

தமிழில் பெயர் வைக்கிறவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும். சிஎம்டியில் ஒரு கட்டளை 8,191 எழுத்தைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் மொத்த எல்லை 32,767. லினக்ஸில் வழக்கமாக எல்லா ஆர்க்யுமென்ட்டுக்கும் சேர்த்து 2 எம்பி உண்டு, ஆனால் அங்கே கணக்கு பைட்டில். எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்: "ஆத்தங்குடி" என்பதற்கே 30. ஒரு கோப்புப் பெயருக்கு லினக்ஸில் பொதுவாக 255 பைட்தான், அதாவது புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்பட்டு 85 தமிழ்க் குறியீடு. ஊர், விலாசம், வீட்டின் பகுதிகளான வளவு, பட்டாலை என்று எல்லாவற்றையும் பெயரிலேயே அடைக்கிறவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள்.

லினக்ஸ் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கையால் தட்டும் வேலைக்கு ஃபிஷ், பிறருக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு மேற்கோள் போட்ட பாஷ். விண்டோஸ்தான் என்றால் பவர்ஷெல் 7.3-ஐயோ அதற்குப் பிந்தியதையோ தனியாக நிறுவுங்கள். நீல ஜன்னலில் தானாக வருவது 5.1.