சேவ் பண்ணி வச்ச பக்கத்துலயே வாரண்டி மாறிடுச்சு, ஆன்லைன்ல வாங்குறவங்க கவனமா இருங்க

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், கரண்ட் கட் தொல்லை தாங்காம ஆன்லைன்ல ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினேன், 14,500 ரூபா. படத்துக்குக் கீழயே பெருசா "36 மாசம் ரீப்ளேஸ்மென்ட் வாரண்டி"னு பேனர் போட்டிருந்தான். பில்லுல வாரண்டி பத்தி ஒரு வரி கிடையாது, அதனால எதுக்கும் இருக்கட்டும்னு குரோம்ல கண்ட்ரோல் எஸ் அடிச்சு அந்தப் பக்கத்த சேவ் பண்ணி வச்சேன்.

இருபதாவது மாசம் பேட்டரி போச்சு. ஃபோன் பண்ணா "சார் 18 மாசம்தான், சைட்ல பாருங்க"ங்கறாங்க. நம்மகிட்டதான் காப்பி இருக்கேன்னு தைரியமா ஃபைல திறந்தா அதுலயும் 18 மாசம்! கை நடுங்கிடுச்சு எனக்கு.

அப்புறம்தான் வெவரம் புரிஞ்சுது. நான் சேவ் பண்ணது 'ஹெச்டிஎம்எல் மட்டும்'. அதுல எழுத்துதான் நம்ம கம்ப்யூட்டருக்கு வரும், படத்துக்கு வெறும் அட்ரஸ்தான் இருக்கும், திறக்குறப்பல்லாம் அவன் சர்வர்லேர்ந்து எடுத்துக் காட்டும். பேனர் ஒரு படம், அத அவன் அதே அட்ரஸ்லயே மாத்தி வச்சுட்டான். வெப்சைட் பக்கங்களோட பழைய காப்பிய தேதியோட சேத்து வைக்குற வேபேக் மெஷின்ங்கற சைட்ல தேடிப் பாத்தேன், கடைக்காரன் சைட்டோட முதல் பக்கம் மட்டும்தான் இருந்துச்சு.

தயவுசெஞ்சு நீங்க இப்படி விட்டுடாதீங்க. குரோம்ல சேவ் பண்றப்ப கீழ டைப் கேக்குற இடத்துல 'சிங்கிள் ஃபைல்' எடுங்க, படம் எல்லாம் ஒரே எம்ஹெச்டிஎம்எல் ஃபைலுக்குள்ள வந்துடும். ஃபயர்ஃபாக்ஸ்ல அது இல்ல, அதுக்கு சிங்கிள்ஃபைல்னு பிரவுசரோட சேத்துக்குற ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, குரோம்லயும் போட்டுக்கலாம். சேவ் பண்றதுக்கு முன்னாடி, பக்கத்தோட அடிவரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிடுங்க, நெறைய சைட்ல கீழ போனாதான் படமே லோட் ஆகும். சேவ் ஆனதும் நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஃபைல திறந்து பாருங்க, இத மட்டும் அன்னிக்கு நான் செஞ்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். கூடவே வேபேக் மெஷின்லயும் அந்த லிங்க்க குடுத்து சேவ் பண்ணுங்க, நம்ம கையில இருக்குற ஃபைல 'நீயே எடிட் பண்ணிருப்ப'ன்னு சொல்லிடலாம், அங்க தேதியோட இருக்குறத அவ்வளவு லேசா சொல்ல முடியாது. லாகின் பண்ணாதான் தெரியுற ஆர்டர் பக்கம் அதுல ஏறாது, அத பிரிண்ட் குடுத்து பிடிஎஃப் எடுத்துக்கோங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், ஆனா காட்டுறதுக்கு கையில ஒண்ணும் இல்ல. நேத்து கடைக்கே நேர்ல போயி வேற பேட்டரி வாங்கினேன், வாரண்டி கார்டுல மாசத்த பேனாவால எழுதி சீல் போட வச்சப்புறம்தான் காச நீட்டினேன்.