ஜிஆர்இ கணிதம்: பாடத்திலிருந்து வினாவுக்கா, வினாவிலிருந்து பாடத்துக்கா?

பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ பொதுத் தேர்வின் கணிதப் பகுதிக்குத் தயாராகும் வழிகள் பலவாகத் தோன்றினாலும், நெருங்கிப் பார்த்தால் அவை இரண்டில் அடங்கிவிடுகின்றன. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு ஆகிய நான்கையும் வரிசையாகப் படித்து முடித்த பிறகே வினாக்களைத் தொடுவது ஒரு வழி. முதல் நாளே ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்து, எங்கே சறுக்கினோமோ அந்தப் பாடங்களுக்கு மட்டும் திரும்பிச் செல்வது மற்றொரு வழி. பயிற்சி வகுப்பு, காணொளித் தொடர், வினா வங்கி என்று எதை எடுத்துக்கொண்டாலும் அது இவற்றுள் ஒன்றைத்தான் பின்பற்றுகிறது. இத்தேர்வை இருமுறை எழுதிய நான் முதல்முறை பாடவழியிலும் அடுத்தமுறை வினாவழியிலும் தயாரானேன். என் சாய்வு வினாவழியின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் அது எல்லோருக்கும் பொருந்தாது.

2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்ட பிறகு கணிதத்துக்கு இரண்டு பகுதிகளே உள்ளன: முதலாவதில் 21 நிமிடங்களில் 12 வினாக்கள், இரண்டாவதில் 26 நிமிடங்களில் 15 வினாக்கள். முன்பு இரண்டு பகுதிகளிலும் தலா 35 நிமிடங்களுக்கு 20 வினாக்கள் என்று இருந்தது. வகுத்துப் பார்த்தால் அன்றும் இன்றும் ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிடம்தான். எனவே பழைய வடிவத்துக்காக அச்சிடப்பட்ட புத்தகங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாறியது வேறொன்று: 40 வினாக்கள் 27 ஆகிவிட்டதால், கவனக்குறைவால் விடும் ஒவ்வொரு வினாவின் விலையும் கூடிவிட்டது. பாடத்திட்டத்தில் நுண்கணிதமும் இல்லை, முக்கோணவியலும் இல்லை. கேட்கப்படுவது பள்ளிக் கணிதம்தான் என்றால், 130 முதல் 170 வரையிலான அளவுகோலில் பொறியியல் படித்தவர்கள்கூட ஏன் நடுவில் நின்றுவிடுகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையைப் பொறுத்தே எந்த வழி சிறந்தது என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பாடவழிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். கணிதத்தை விட்டுப் பத்தாண்டுகள் ஆனவர், அடுக்குக்குறி விதிகளையும் திட்டவிலக்கம் என்றால் என்ன என்பதையும் மறந்தவர், முதல் நாளே மாதிரித் தேர்வை எழுதினால் அதிலிருந்து கற்பதற்கு எதுவும் இராது. மனம் உடைவதுதான் மிச்சம். அவருக்கு, தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகவே தரும் கணித மீள்பார்வை ஏடு போதுமானது. தேர்வில் வரக்கூடிய கருத்துகள் அதில் இருக்கின்றன, வராதவை இல்லை. இந்த இரண்டாவது பண்பு பல தடித்த புத்தகங்களுக்குக் கிடையாது.

பாடவழியின் குறை அதன் ஒழுங்கிலேயே ஒளிந்திருக்கிறது. 1 முதல் 300 வரையிலான முழு எண்களில் 4 ஆலோ 6 ஆலோ வகுபடுபவை எத்தனை என்ற வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஆல் வகுபடுபவை 75. 6 ஆல் வகுபடுபவை 50. இரண்டாலும் வகுபடுபவை, அதாவது 12 இன் மடங்குகள், 25. ஆகவே விடை 75 + 50 − 25 = 100. கணங்கள் பற்றிய அத்தியாயத்தின் இறுதியில் இதைச் சந்திப்பவர் எவரும் 25 ஐக் கழிக்க மறப்பதில்லை, ஏனெனில் அத்தியாயத்தின் தலைப்பே பாதி வழியைக் காட்டிவிடுகிறது. தேர்வில் தலைப்பு கிடையாது. அங்கே இதே வினா ஒரு வட்டத்தின் பரப்புக்கும் ஒரு பட்டை வரைபடத்துக்கும் நடுவே வந்து நிற்கும். விடைகளின் வரிசையில் 125 உம் தவறாமல் காத்திருக்கும். எந்தக் கருவியை எடுப்பது என்று தீர்மானிக்கும் திறனை, கருவிகளை ஒவ்வொன்றாகப் பழகுவதால் மட்டும் பெற முடியாது. முதல்முறை நான் பட்ட பாடு இதுதான்: பயிற்சிக் கணக்குகளில் பத்துக்கு ஒன்பது சரி, தேர்வில் கை ஓடவில்லை.

வினாவழியின் வலிமை நன்றாகத் தெரிவது அளவு ஒப்பீட்டு வினாக்களில். இரண்டு அளவுகளைத் தந்து, முதலாவது பெரியதா, இரண்டாவது பெரியதா, இரண்டும் சமமா, அல்லது தந்த தகவலைக் கொண்டு தீர்மானிக்க இயலாதா என்று கேட்பார்கள். இந்த நான்கு விடைகளும் எப்போதும் மாறுவதில்லை. ஒரு பொருளின் விலை p சதவீதம் உயர்ந்து, பிறகு உயர்ந்த விலையிலிருந்து p சதவீதம் குறைகிறது. இங்கே p என்பது 0 க்கும் 100 க்கும் இடைப்பட்டது. தொடக்க விலை பெரியதா, இறுதி விலை பெரியதா? பாடவழியில் வந்தவர் சமன்பாட்டை எழுதி, இறுதி விலை தொடக்க விலையின் (1 − p²/10000) மடங்கு என்று நிறுவுவார். வினாக்களில் ஊறியவர் 100 ஐ எடுத்து, 20 சதவீதம் கூட்டி 120 ஆக்கி, அதில் 20 சதவீதம் கழித்து 96 என்று கண்டு, தொடக்க விலையே பெரியது என்று முடித்துவிடுவார். இருவரும் சரி, ஆனால் இரண்டாமவரின் கையில் இன்னும் ஒரு நிமிடம் மீதமிருக்கிறது.

ஆனால் இதே பழக்கம் காலை வாரியும் விடும். x > 0 என்று மட்டும் சொல்லி x² ஐயும் x ஐயும் ஒப்பிடச் சொன்னால், அவசரக்காரர் 2, 3, 5 என்று முழு எண்களையே இட்டுப் பார்த்து x² தான் பெரியது என்பார். x முழு எண் என்று வினாவில் எங்கும் சொல்லப்படவில்லை. 1 ஐ இட்டால் இரண்டும் சமம். ½ ஐ இட்டால் x² சிறியது. எனவே தீர்மானிக்க இயலாது. எண்களை இட்டுப் பார்ப்பது ஒரு முடிவை உடைக்க உதவுமே தவிர நிறுவ உதவாது என்பதை, இப்படி நாலைந்து முறை அடிபட்ட பிறகே நான் உணர்ந்தேன். பாடவழி இங்கே மறுபடியும் தன் பயனைக் காட்டுகிறது: 0 க்கும் 1 க்கும் இடையே வர்க்கம் சுருங்கும் என்ற அறிவு உள்ளே இருந்தால்தான் ½ ஐ இட்டுப் பார்க்கவே தோன்றும்.

வினாவழி பலன் தருமா தராதா என்பது பிழைக் குறிப்பேட்டைப் பொறுத்தது. நூறு வினாக்களைப் போட்டு விடையைச் சரிபார்த்துவிட்டு நகர்பவர், அடுத்த நூறிலும் அதே பிழைகளைத்தான் செய்வார். நான் ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஒரே வரியில் காரணத்தை எழுதினேன்: சூத்திரம் தெரியவில்லை, தெரிந்தும் எடுக்கத் தோன்றவில்லை, நிபந்தனையைப் படிக்கவில்லை, கேட்டது ஒன்று கண்டுபிடித்தது வேறொன்று. மூன்று வாரம் கழித்துப் புரட்டியபோது கடைசி இரண்டு காரணங்களே ஏட்டை நிரப்பியிருந்தன. அந்த நோய்க்கு இன்னொரு பாடப்புத்தகம் மருந்தாக முடியாது. மாறாக, முதல் காரணமே உங்கள் ஏட்டில் மிகுந்திருந்தால் வெட்கப்படாமல் பாடவழிக்குத் திரும்புங்கள்.

திரையில் தரப்படும் கால்குலேட்டரிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 7 இன் 50 ஆம் அடுக்கின் ஒன்றாம் இலக்கம் என்ன என்று கேட்டால், பழகாதவரின் கை உடனே அதற்குத்தான் போகும். 7⁹ வரை, அதாவது 40353607 வரை, அதன் திரை காட்டும் எட்டு இலக்கத்துக்குள் அடங்கும். அடுத்த பெருக்கலில் கருவி பிழை என்று காட்டிவிடும். ஒன்றாம் இலக்கம் 7, 9, 3, 1 என்று நான்கு நான்காகச் சுழல்வதைக் கண்டவருக்கு, 50 ஐ 4 ஆல் வகுக்க மீதி 2, எனவே விடை 9.

எந்த வினாக்களைப் போடுவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: இடிஎஸ் வெளியிட்டவை முதலில், தனியார் வினா வங்கிகள் பிறகு. தனியார் வினாக்கள் பலவும் கணக்கீட்டை நீட்டிக் கடினமாக்குகின்றன. அதிகாரபூர்வ வினாக்களோ கணக்கீட்டைச் சிறிதாக வைத்துக்கொண்டு நிபந்தனையில் நுட்பத்தைப் புகுத்துகின்றன. கை வேகத்துக்காகத் தனியார் வினாக்களைப் பயன்படுத்தலாம்; அவற்றில் வரும் மதிப்பெண்ணை நம்பி மகிழவோ கலங்கவோ கூடாது. பயிற்சி வகுப்பைப் பொறுத்தவரை, அது தருவது பெரும்பாலும் கால அட்டவணை. தானாக உட்காராதவருக்கு அது பெரிய உதவி, உட்காருபவருக்கு வீண் செலவு.

மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை எழுதுபவர்கள் இந்த அலசலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கணிதப் பகுதியில் 45 நிமிடங்களுக்கு 21 வினாக்கள், கால்குலேட்டர் இல்லை, வடிவியலும் இல்லை. ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த வினாவின் கடினம் மாறுகிறது. பகுதியின் இறுதியில் மூன்று விடைகளை மட்டுமே மாற்றலாம். ஜிஆர்இயில் முதல் பகுதி முழுவதிலும் எப்படிச் செய்தோம் என்பதே இரண்டாம் பகுதியின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் எத்தனை முறையும் போய்வரலாம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பும் கிடையாது. ஆகவே ஒரு வினாவை அடையாளமிட்டுவிட்டு நகரும் பழக்கத்தைக் கடிகாரத்தோடு பயில வேண்டும். பாடவழியில் வந்தவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம். தெரிந்த பாடத்தின் கணக்கைப் பாதியில் விட அவர்களுக்கு மனம் வருவதில்லை, நான்கு நிமிடங்கள் அங்கேயே கரைந்துவிடும்.

இடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளை எப்போது செலவிடுவது என்பதும் வழியைப் பொறுத்து மாறும். வினாவழியில் செல்பவர் ஒன்றை முதல் நாளிலும், மற்றதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பும் எழுதலாம். பாடவழியில் தொடங்குபவர் மீள்பார்வை ஏட்டை நான்கு வாரங்களுக்குள் முடித்துவிட்டு, தயாராகிவிட்டோமா என்று யோசித்துக்கொண்டிராமல், அந்த வார இறுதியிலேயே முதல் தேர்வை எழுதிவிட வேண்டும். ஒருமுறை எழுதிய அதே தேர்வை மறுபடி எழுதினால் கிடைக்கும் மதிப்பெண்ணில் நினைவாற்றலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. ஆகையால் இரண்டும் தீர்ந்த பிறகு, கட்டணம் செலுத்திப் பெறும் பவர்பிரெப் பிளஸ் தேர்வுகளில் ஒன்றை வாங்குவதே மேல்.