எதையும் கேட்காமல் வெளியிட்ட ஆய்விதழ்: இளநிலை ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஓர் எச்சரிக்கை

இளநிலை மாணவர்களின் அறிவியல் ஆய்வுகளுக்கென்றே நடத்தப்படுவதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஓர் இணைய ஆய்விதழ், என் மேற்பார்வையில் பணியாற்றிய மூன்று இறுதியாண்டு மாணவர்களின் கட்டுரையை எங்களில் ஒருவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பெறாமல் வெளியிட்டுவிட்டு, இப்போது அதை நீக்குவதற்குக் கட்டணம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதழின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இத்தகைய இதழ்கள் பெயரை மாற்றிக்கொண்டு வேறு முகவரியில் மீண்டும் கடை விரிப்பதால், பெயரைவிட அவை நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துவைத்திருப்பதே பயன்படும்.

மாணவர்கள் செய்தது சிறிய, ஆனால் ஒழுங்கான வேலை. தன்னார்வலர்களாக முன்வந்த சக மாணவர்களின் உள்ளங்கைகளிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அவற்றிலிருந்து வளர்த்த ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் எந்தெந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படுகின்றன என்பதை வட்டுப் பரவல் முறையில், அதாவது பாக்டீரியா வளரும் தட்டில் மருந்து தோய்ந்த சிறு வட்டுகளை வைத்து, அளந்தார்கள். மனிதர்களிடமிருந்து மாதிரி எடுப்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே கல்லூரியின் அறநெறிக் குழுவிடம் அனுமதி பெற்றிருந்தோம். தன்னார்வலர்கள் அனைவரும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தார்கள். முதல் வரைவைப் படித்து, திருத்தவேண்டிய இடங்களில் அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதி நான் திருப்பிக் கொடுத்திருந்த வேளையில், மாணவி ஒருவருக்கு "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. (யாருக்கு எழுதுகிறோம் என்றுகூடப் பார்க்காத கடிதம் என்று இன்று சொல்வது எளிது, முதல் கட்டுரை எழுதும் வயதில் அப்படி ஒரு விளிப்பு தரும் மகிழ்ச்சியை நான் குறை சொல்லமாட்டேன்.) கட்டுரை இதழுக்குப் பொருந்துமா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. அதை நம்பி அவர் வரைவைப் பதிவேற்றினார்.

வாரம் முடிவதற்குள் ஏற்புக் கடிதமும், அதுவரை எங்குமே சொல்லப்படாத கட்டணத்துக்கான பில்லும், மதிப்பாய்வாளர்கள் இருவரின் அறிக்கை என்ற பெயரில் ஒரு தாளும் வந்து சேர்ந்தன. முதல் அறிக்கையில் "நல்ல ஆய்வு, ஏற்கலாம்" என்றும், இரண்டாவதில் "மொழியைச் சற்றுச் செம்மைப்படுத்தினால் ஏற்கலாம்" என்றும் இருந்தது, அவ்வளவுதான். மாணவர்கள் பணம் கட்டவில்லை, பதிப்புரிமைப் படிவத்தையும் நிரப்பவில்லை. இருந்தும் கட்டுரை வெளிவந்துவிட்டது.

அச்சான பிரதியை நீங்கள் பார்க்கவேண்டும். முடிவுகள் பகுதியின் நடுவே, தடுப்பு வளையத்தின் (மருந்து வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத பகுதியின்) சராசரி விட்டம் 17 மில்லிமீட்டர் என்று சொல்லும் வாக்கியத்தை அடுத்து, "இந்தத் தட்டை மீண்டும் அளக்கவும், பக்கத்து வளையத்தோடு கலந்துவிட்டதுபோல் தெரிகிறது" என்ற என் குறிப்பு ஆய்வின் ஒரு பகுதியைப்போல அப்படியே நிற்கிறது. இரண்டு மதிப்பாய்வாளர்களும் ஒரு பதிப்பாசிரியரும் படித்ததாகச் சொல்லப்படும் கட்டுரை இது. தட்டுகளின் ஒளிப்படத்தில் தன்னார்வலர்களின் பெயர் முதலெழுத்துகளும் வகுப்பு எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. இறுதிப் படியில் அவற்றை மறைப்பதாக இருந்தோம். செய்முறைப் பகுதியில் அறநெறிக் குழுவின் அனுமதி எண் இருக்க, கடைசிப் பக்கத்தில் இதழின் ஆயத்த வார்ப்புருவே "அறநெறி ஒப்புதல்: பொருந்தாது" என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுரையாளர் பட்டியலில் மூன்று மாணவர்களின் பெயர்களுக்குப் பின் என் பெயரும், அதற்கும் பின் எங்களில் எவரும் கேள்விப்பட்டிராத ஒருவரின் பெயரும் உள்ளன. அந்த இடம் விற்கப்பட்டதா, வேறு எதற்காகவேனும் சேர்க்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டேன். வந்த பதிலில் நீக்கக் கட்டணத்தின் தொகை மட்டுமே இருந்தது.

ஒரு நேர்மையான இதழ் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை இந்த நிகழ்வோடு பொருத்திப் பார்த்தால், ஏமாற்று எங்கே தொடங்கியது என்பது விளங்கும். யார் கட்டுரையாளர் என்பதற்கு மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பல துறைகளின் இதழ்களும் பின்பற்றுகின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதிலோ திறனாய்ந்து திருத்தியதிலோ பங்கு, வெளியாகவிருக்கும் படிக்கு இறுதி ஒப்புதல், ஆய்வின் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்கும் உடன்பாடு ஆகிய நான்கும் சேர்ந்தே இருக்கவேண்டும். ஆய்வகத்தில் இடம் கொடுத்தவர், நிதி வாங்கித் தந்தவர், துறைத்தலைவர் என்ற தகுதி மட்டும் உடையவர் ஆகியோருக்கு உரிய இடம் நன்றியுரைதான். (நெறியாளர்களாகிய எங்களில் சிலருக்கும் இது கசப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.) மூன்றாம் நிபந்தனையைச் சரிபார்க்க, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும், பல இதழ்கள் அதைத் தானியங்கியாகவே செய்கின்றன. இளநிலை ஆய்வுகளுக்கான முறையான இதழ்கள் பெரும்பாலும் அத்தோடு நிற்காமல், நெறியாளரின் கையொப்பமிட்ட கடிதத்தையும் கேட்கின்றன. மாணவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. தரவு ஆய்வகத்தின் பெரிய திட்டம் ஒன்றின் பகுதியாக இருக்கலாம், அதற்கு நிதி கொடுத்தவரின் நிபந்தனைகள் இருக்கலாம், அதே முடிவுகள் பின்னர் விரிவான கட்டுரை ஒன்றில் இடம்பெறவேண்டியிருக்கலாம் என்பதால்தான்.

அந்தக் கடைசிக் காரணத்தில்தான் பெரும் இழப்பு ஒளிந்திருக்கிறது. பணம் போனால் பணத்தோடு போயிற்று. ஆனால் ஒரு கட்டுரை முழுமையாக எங்காவது வெளியாகிவிட்டால், இதழ் எத்தகையதாக இருந்தாலும், மற்ற இதழ்களின் கண்ணில் அது ஏற்கெனவே வெளியான ஆய்வு. அதையே இன்னோர் இதழுக்கு விவரம் சொல்லாமல் அனுப்புவது இரட்டை வெளியீடு என்ற அறநெறி மீறலாகும். அனுப்பியவர் ஏமாற்றப்பட்டவரா என்பது ஒப்பீட்டு மென்பொருளுக்குத் தெரியாது. போலி இதழ்கள் நீக்கக் கட்டணம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது இந்த அச்சத்தை நம்பித்தான்.

இது புதிய தந்திரமும் அல்ல. 2013ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், அடிப்படைப் பிழைகள் நிறைந்த பொய்யான கட்டுரை ஒன்றைத் எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் 304க்கு அனுப்பியபோது 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு சோதனையில், போலிஷ் மொழியில் மோசடிக்காரர் என்று பொருள்படும் பெயரோடு, தகுதியே இல்லாத ஒரு கற்பனை ஆய்வாளரைப் பதிப்பாசிரியராகச் சேர்த்துக்கொள்ளும்படி 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் சேர்த்துக்கொண்டன. கட்டணத்தை மறைத்தது, மதிப்பாய்வு நடந்ததாகப் பொய் சொன்னது, கட்டுரையைத் திரும்பப் பெற விடாமல் இழுத்தடித்தது ஆகிய குற்றச்சாட்டுகளில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒரு பதிப்பு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டு 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்தும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர்களைக் குறிவைத்து வருபவர்கள் இந்தப் பழைய வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். ஏமாறுபவர்களின் வயது மட்டும் குறைந்திருக்கிறது.

சரிபார்க்கும் வழிகளைப் பொறுத்தவரை, முகப்புப் பக்கத்தில் இருக்கும் முத்திரைகளை நம்பவேண்டாம். எங்களை ஏமாற்றிய இதழ் பதிப்பு அறநெறிக் குழுவான கோப் அமைப்பின் சின்னத்தை ஒட்டிவைத்திருந்தது. அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் உள்ள உறுப்பினர் பட்டியலில் இதழின் பெயர் இல்லை. திறந்த அணுக்க இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலிலும் இல்லை. ஐஎஸ்எஸ்என் எண் இருந்தது உண்மைதான், ஆனால் அது ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண்ணே தவிர, தரத்துக்கான சான்று அன்று. இணையத்தில் ஒரு கட்டுரையை நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண் என்று கொடுத்தது பார்வைக்குச் சரியாக 10 என்று தொடங்கியது. டிஓஐ தளத்தில் இட்டுப் பார்த்தபோது அப்படி ஓர் எண் பதிவாகவே இல்லை என்று வந்தது. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் என்று அவர்கள் போட்டிருந்த எண்ணைக் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் தேடிப் பயனில்லை. அது வேறு எவரோ விற்கும் எண். பதிப்பாசிரியர் குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேட்டேன். தன் பெயர் அங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்று பதில் எழுதினார்.

மதிப்பாய்வின் வேகத்தையும் கவனியுங்கள். முறையான மதிப்பாய்வுக்கு வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகும். வரும் அறிக்கை உங்கள் அட்டவணையையும் வரைபடத்தையும் குறிப்பிட்டுக் கேள்வி கேட்கும், சில நேரங்களில் மனம் நோகும்படியும் கேட்கும். கட்டுப்பாட்டு மாதிரி எங்கே, எத்தனை முறை அளந்தீர்கள், மூலத் தரவைக் காட்டமுடியுமா என்றெல்லாம் எவரும் கேட்காமல் ஓர் ஆய்வு ஏற்கப்பட்டால், அது படிக்கப்படவில்லை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் பணம் கட்டவேண்டாம்; பதிப்புரிமைப் படிவத்திலும் கையொப்பமிடவேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தேதியிட்டு, எல்லாக் கட்டுரையாளர்களின் பெயரிலும் உடனே எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதம்தான் பின்னால் உங்கள் ஆதாரம். வந்த மின்னஞ்சல்கள், பில், அறிக்கைகள், வெளியான பக்கம் எல்லாவற்றையும் சேமித்துவையுங்கள். மனிதர்கள் பங்கேற்ற ஆய்வாக இருந்தால் அறநெறிக் குழுவுக்குத் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும். நாங்கள் தெரிவித்தபோது, ஒளிப்படத்தில் அடையாளம் வெளிப்பட்ட தன்னார்வலர்களுக்கு நேரில் விளக்கும்படி குழு சொன்னது. மாணவர்கள் மூவரும் சென்று விளக்கினார்கள். கட்டுரை எழுதியதைவிட அதுவே கடினமாக இருந்தது என்றார்கள்.

கட்டுரை இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறது. தட்டுகளை மீண்டும் அளந்து, கட்டுரையைப் புதிதாக எழுதி, இளநிலை ஆய்வுகளை வெளியிடும் வேறோர் இதழின் பதிப்பாசிரியருக்கு நடந்த முழுவதையும் முதல் கடிதத்திலேயே சொல்லி, சேமித்த சான்றுகளையும் இணைத்துக் கேட்டோம். அவர் இன்னும் எந்த முடிவும் சொல்லவில்லை. மூன்று மாணவர்களின் கையொப்பம், ஒவ்வொருவரும் செய்த பங்கின் விவரம், அறநெறிக் குழுவின் கடிதம், மறு அளவீட்டின் மூலத் தரவு, கடைசியாகச் சேர்க்கப்பட்டிருந்த அந்தப் பெயருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்ற என் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார், அனுப்பியிருக்கிறோம்.