பிரவுசரில் சர்க்யூட், தறியடியில் போர்டு: சில வருட அனுபவம்

பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, ஏகாம்பரகுப்பம். தறிச் சத்தம் கேட்காத தெரு இந்த வட்டாரத்தில் குறைவு. தறிக்கு பிக் (ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவது ஒரு பிக்) எண்ணும் கவுண்டர், ஊடை தீர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் சர்க்யூட், மொட்டைமாடித் தொட்டிக்கு லெவல் கன்ட்ரோலர் என்று சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுகள் செய்து கொடுக்கிறேன். சில வருடங்களாக இவை எல்லாவற்றையும் பிரவுசரிலேயே வரைகிறேன்.

டிப்ளமோ படிக்கும் பையன்களும் ரீவைண்டிங் கடைக்காரர்களும் "எதில் ஆரம்பிக்கலாம்ணா?" என்று கேட்கிறார்கள். எந்த மென்பொருள் என்பதில் பெரிய விஷயம் இல்லை. வரையும் வேலை சீக்கிரம் கைக்கு வந்துவிடும். கடையில் வாங்கிய பாகத்தின் கால்கள் திரையில் இருக்கும் ஓட்டைகளில் உட்காருமா என்பதில்தான் நேரமும் காசும் போகிறது. அந்த வேலையை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்து தராது.

முதலில் ஃபால்ஸ்டாட், சர்க்யூட்டைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். பால் ஃபால்ஸ்டாட் என்பவர் ஜாவா ஆப்லெட்டாக எழுதியது. அப்புறம் இயன் ஷார்ப் அதை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினார். லாகின் கிடையாது, பக்கத்தைத் திறந்தால் சர்க்யூட் ஓட ஆரம்பித்துவிடும். மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக ஓடும். பாசிட்டிவ் வோல்டேஜ் பச்சை, நெகட்டிவ் சிவப்பு, கிரவுண்ட் சாம்பல். வரைந்த சர்க்யூட்டை ஒரு லிங்க்காக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். சர்க்யூட் முழுவதும் அந்த லிங்க்குக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வேறெங்கும் சேமிக்க வேண்டியதில்லை.

ரிலேயை (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) ஓட்டும் டிரைவர் சர்க்யூட்டைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடையில் கிடைக்கும் சின்ன நீல நிற 12 வோல்ட் ரிலேயின் காயில் (கம்பிச் சுருள்) சுமார் 400 ஓம், அதாவது 30 மில்லிஆம்பியர் இழுக்கும். அதை ஓட்ட ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும். ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 5 வோல்ட்டில், டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டருக்கு 0.7 போக மீதி 4.3, பேஸில் 1.5 கிலோஓம் வைத்தால் 2.9 மில்லிஆம்பியர் கிட்டத்தட்ட வரும். காயில் கரன்ட்டில் பத்தில் ஒரு பங்கு, டிரான்சிஸ்டர் முழுசாக ஆன் ஆக அது தாராளம். இதையே ஃபால்ஸ்டாடில் போட்டு, காயிலுக்குக் குறுக்கே இருக்கும் டையோடை அழித்துவிட்டு ஆஃப் செய்து பார்க்கச் சொல்வேன். வோல்டேஜ் எங்கே எகிறுகிறது என்று கண்ணால் பார்த்த பையன் அதற்குப் பிறகு 1என்4007 டையோடு இல்லாமல் ரிலே வரைய மாட்டான்.

டிங்கர்காட் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தினுடையது, பிரெட்போர்டைத் திரையில் அப்படியே காட்டும், ஆர்டுயினோ யூனோவையும் ஓட்டும். வோக்வி அதைவிட ஒரு படி மேலே. ஈஎஸ்பி32, ராஸ்ப்பெரி பை பிகோ எல்லாம் ஓடும். கவுண்டருக்கான நிரலை வோக்வியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சிப்பில் ஏற்றுகிறேன். அங்குலத்துக்கு 60 பிக் என்றால் ஒரு மீட்டர் துணிக்கு 2,362 பிக். இந்தக் கணக்கு சரியாக ஓடுகிறதா, 9,999-க்கு மேல் டிஸ்பிளே என்ன செய்கிறது என்பதையெல்லாம் தறிக்கூடத்துக்குப் போகாமலே பார்த்துவிடலாம்.

ஆனால் சிமுலேட்டரில் தறிக்கூடம் இல்லை. அங்கே பஞ்சு பறக்கிறது. அதனால் ஒளியை வைத்து எண்ணும் சென்சார் சீக்கிரம் கண் மூடிவிடும். காந்தமும், அதை உணரும் ஏ3144 ஹால் சென்சாரும் வைத்தால் பஞ்சைப் பற்றிக் கவலை இல்லை. அந்தச் சென்சாரின் அவுட்புட் ஓப்பன் கலெக்டர் வகை, அதாவது கிரவுண்டுக்கு மட்டுமே இழுக்கும்; அதை மேலே இழுத்து வைக்க பாசிட்டிவுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். சிமுலேட்டரில் ஹால் சென்சாருக்குப் பதில் ஒரு ஸ்விட்சை வைத்து, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை ஆன் செய்தால் அழகாக எண்ணும். அந்த உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கலாம். தறியில் சென்சார் ஒயர் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டப்பட்டு நீளமாக வருகிறது. பக்கத்துத் தறியின் கான்டாக்டர் விழும்போதெல்லாம் அவ்வளவு பலவீனமான புல்-அப்பில் பொய் எண்ணிக்கை ஏறும். அதனால் போர்டிலேயே 1 கிலோஓம் புல்-அப், சிப்பின் காலுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒயருக்கு ஷீல்டு என்று வைக்கிறேன். இந்த மூன்றும் எந்த சிமுலேட்டரும் கேட்டு வாங்காதவை. திரையில் ஓடிவிட்டது என்று போர்டு ஆர்டர் கொடுக்கக் கிளம்பும் எவரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

போர்டு வரைவதற்கு நான் பெரும்பாலும் பயன்படுத்துவது ஈஸிஈடிஏ. ஸ்டாண்டர்ட், புரோ என்று இரண்டு பதிப்பு. ஆரம்பிப்பவருக்கு ஸ்டாண்டர்ட் போதும். முதலில் ஸ்கீமேட்டிக் என்னும் சர்க்யூட் படம், பிறகு அதை பிசிபியாக, அதாவது போர்டு வரைபடமாக, மாற்றும் கட்டளை. பாகங்கள் எல்லாம் ஒரு ஓரமாக வந்து விழும், எது எதோடு சேர வேண்டும் என்று மெல்லிய கோடுகள் காட்டும். அந்தக் கோடுகள் மீது டிராக், அதாவது செம்புப் பாதை, போடுவதுதான் வேலை. ஜக்காடு தெரிந்தவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன்: ஸ்கீமேட்டிக் என்பது கிராஃப் தாளில் போட்ட புட்டா, தறியில் எந்த நூல் எங்கே ஏறும் என்பதை அட்டை குத்துகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கீமேட்டிக்கில் புதியவர்கள் அதிகம் மாட்டுவது நெட் (ஒன்றோடொன்று சேரும் இணைப்பு) பெயர்களில். ஒரு பக்கம் 'விசிசி' என்றும் இன்னொரு பக்கம் '5வி' என்றும் பெயர் வைத்தால் இரண்டும் ஒன்று என்று நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவே போர்டில் இணைப்பே வராது, வரைவிதிகளைச் சரிபார்க்கும் டிஆர்சி சோதனையும் புகார் சொல்லாது. பெயர்படி எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது! இரண்டு ஒயர் குறுக்கே போகும் இடத்தில் புள்ளி இருந்தால்தான் இணைப்பு. நீளமான ஒயர்களைச் சுற்றி வளைப்பதைவிட நெட் லேபிள் வைப்பது நல்லது, ஆனால் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

இப்போது பாகங்களின் நூலகம். பிரவுசர் மென்பொருளின் பெரிய பலமும் ஆபத்தும் இங்கேதான். தேடினால் எந்தப் பாகமும் கிடைக்கிறது, ஏனென்றால் உலகம் முழுக்கப் பலர் வரைந்து போட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த பாகமும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நமக்குக் கிடைக்கும் பாகமும் ஒன்றா? தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்த்துத் திருப்பி வைத்தால் பிசி547-இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே பிளாஸ்டிக் உருவத்தில் வரும் 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். படத்தில் இரண்டும் ஒரே குறி. கடைக்காரர் "அது இல்ல, இதைப் போடு தம்பி, ஒண்ணுதான்" என்று மாற்றிக் கொடுப்பது தினசரி நடப்பது. மின்கணக்கில் அவர் சொல்வது சரி, கால் வரிசையில் தவறு.

ஸ்க்ரூ டெர்மினல் இன்னும் மோசம். 5 மி.மீ. இடைவெளியிலும் வருகிறது, 5.08 மி.மீ. இடைவெளியிலும் வருகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டு கால் டெர்மினலில் 0.08 மி.மீ. ஒரு பொருட்டல்ல. எட்டுக் கால் டெர்மினலில் அது ஏழு மடங்காகி 0.56 மி.மீ. ஆகிவிடும், கடைசிக் கால் ஓட்டைக்குள் இறங்காது. தறிக் கவுண்டரில் சென்சார், சப்ளை, ரிலே என்று நீளமான டெர்மினல்தான் வைக்கிறோம்.

அதனால் என் முறை இது. பாகத்தை முதலில் வாங்கிவிட வேண்டும். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை போய் ரிச்சி தெருவில் வாங்கி வந்து, வெர்னியரில் அளந்து, அதற்குப் பொருந்தும் ஃபுட்பிரின்டை (பாகத்தின் கால்களுக்கான ஓட்டைகளின் அமைப்பு) தேடுகிறேன். சரியானது இல்லையென்றால் நானே வரைகிறேன்; ஐந்தாறு ஓட்டை உள்ள பாகத்துக்கு அது சில நிமிட வேலை. எல்லாம் வைத்து முடித்ததும் பிடிஎஃப் எடுத்து, அளவு மாறாமல் நூறு சதவீதத்தில் பிரின்ட். தாளில் ஸ்கேல் வைத்து ஒரு நீளத்தைச் சரிபார்த்துவிட்டு, தெர்மக்கோல் மீது தாளை விரித்து ஒவ்வொரு பாகத்தையும் குத்திப் பார்க்கிறேன். ஒரு தாள் பிரின்ட் எடுக்கிற செலவுதான். போர்டு செய்து வந்த பிறகு கத்தியால் டிராக்கை வெட்டி ஒயர் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இதை அலட்சியம் செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்தும்விட்டது.

டிராக் போடுவதில் இரண்டு விஷயம். அகலத்தை இருக்கிறபடியே விட்டுவிடாதீர்கள். 35 மைக்ரான் செம்பு உள்ள சாதாரண போர்டில் ஒரு ஆம்பியருக்கு 0.3 மி.மீ. அளவு போதும் என்பது கணக்கு. ஆனாலும் சப்ளை டிராக்கை ஒரு மி.மீ.க்குக் குறைத்து நான் போடுவதில்லை. சால்டரிங் அயர்ன் சூட்டில் மெல்லிய டிராக் உரிந்து வந்துவிடும். இன்னொன்று, 230 வோல்ட் வரும் ரிலே கான்டாக்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. வெற்றிடம். தறிக்கூடத்துப் பஞ்சும் ஈரமும் சேர்ந்து படிந்தால் சின்ன இடைவெளியில் மின்சாரம் ஊர்ந்து போகும். தானாக டிராக் போடும் ஆட்டோரவுட்டருக்கு நாம் விதி கொடுக்காதவரை இதெல்லாம் தெரியாது. நான் அதைத் தொடுவதே இல்லை.

ஒரே ஒரு போர்டு வேண்டுமென்றால் வீட்டிலேயே ஃபெரிக் குளோரைடில் எட்ச் செய்யலாம், அதாவது வேண்டாத செம்பைக் கரைத்து எடுக்கலாம். லேசர் பிரின்ட்டின் மையை அயர்ன் பாக்ஸால் செம்பில் ஒட்டவைக்கும் டோனர் முறைக்குக் கீழ் லேயரை மிரர் செய்யாமல் பிரின்ட் எடுக்க வேண்டும், அயர்ன் பாக்ஸ் வைத்ததும் தானே சரியாகத் திரும்பிவிடும். பத்து இருபது போர்டு என்றால் ஃபேக்டரிக்கான வரைபடமான கெர்பர் ஃபைல் எடுத்து வெளியே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். கெர்பர் பொதுவான தரம், பெல்ஜியத்தின் யூகாம்கோ நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. எந்த மென்பொருளில் வரைந்தாலும் எந்த ஃபேக்டரியும் வாங்கிக்கொள்ளும். ஈஸிஈடிஏவுக்குள்ளேயே சீனாவில் ஆர்டர் செய்யும் பட்டன் இருக்கிறது. போர்டு விலை மலிவு என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். கூரியர், சுங்கவரி, கேஒய்சி எல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள். சின்ன எண்ணிக்கைக்குப் பல சமயம் இந்தியாவில் செய்வதே கட்டுப்படியாகிறது. எங்கே அனுப்பினாலும், அனுப்புவதற்கு முன் வேறொரு கெர்பர் வியூவரில் திறந்து ஓட்டைகளும் செம்பும் சரியாக மேல் விழுகின்றனவா என்று பாருங்கள்.

இன்டர்நெட் விஷயம் எல்லைப் பக்கம் கொஞ்சம் தமாஷ். மாடியில் உட்கார்ந்தால் தமிழ்நாட்டு டவர், கீழே இறங்கினால் ஆந்திர டவர், நடுவில் தெலுங்கில் ஒரு வரவேற்பு எஸ்எம்எஸ். டவர் மாறும் அந்தச் சில நொடிகளில் ஹாட்ஸ்பாட் அறுந்தால் சேமிப்பு நடந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும். கரன்ட் போகும் நேரங்களும் உண்டு. அதனால் தானாகச் சேமிக்கும் என்று நம்பி உட்காராமல், ஒரு பகுதி முடிந்ததும் கண்ட்ரோல் எஸ். நாளின் கடைசியில் ஃபைலை இறக்கிப் பென் டிரைவில். நாலு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் செம்புப் பரப்பை நிரப்பிய பெரிய போர்டு திறந்தால் திணறும். மற்ற டேப்களை மூடிவிட்டு, செம்பு நிரப்புவதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் சமாளிக்கலாம்.

ஃபைல் நம் கையில் இருப்பது பவர் கட்டுக்காக மட்டும் இல்லை. போர்டு வரையும் ஈகிள் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறையே அதில் கற்றது. 2026 ஜூன் 7-க்குப் பிறகு விற்பனையும் ஆதரவும் இல்லை என்று ஆட்டோடெஸ்க் அறிவித்துவிட்டது. அது கம்ப்யூட்டரில் நிறுவிய மென்பொருள், ஃபைலாவது நம்மிடம் இருக்கும். எல்லாமே அடுத்தவர் சர்வரில் இருக்கும் கருவிகளில் அந்த ஆறுதலும் கிடையாது. நல்லவேளையாக, 2024-இல் வந்த கீகேட் 8 என்ற போர்டு வரையும் மென்பொருள் ஈஸிஈடிஏவின் இரண்டு பதிப்பு ஃபைல்களையும் திறக்கிறது. கீகேட் இலவசம், நெட் இல்லாமல் ஓடும். 1992-இல் ஜான்-பியர் ஷாரா ஆரம்பித்தது, பிற்பாடு செர்ன் ஆய்வகமும் கைகொடுத்தது. வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்ட போர்டுகளை இறக்கி, கீகேடில் ஒருமுறை திறந்து பார்த்துத்தான் பத்திரப்படுத்துகிறேன். எழுத்துகள் இடம் மாறியிருக்கும், செம்புப் பரப்பை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். டிராக்கும் ஓட்டையும் சரியாக வந்தால் எனக்கு அது போதும்.

நெட் நிலையாக இருக்கிறவர்கள், இரண்டு லேயருக்கு மேல் போகாதவர்கள் பிரவுசரிலேயே காலம் தள்ளலாம். போர்டு வரைவதே முழுநேரத் தொழில் என்று ஆகப்போகிறவர்கள் முதலிலிருந்தே கீகேடில் உட்காருவது நல்லது. ஆரம்பத்தில் மெனுக்கள் மிரட்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு லெவல் கன்ட்ரோலர் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்றைக்கே ஃபால்ஸ்டாடைத் திறக்கலாம். வெர்னியர் மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக்கில் வரும் மலிவான டிஜிட்டல் வெர்னியரே இந்த வேலைக்குப் போதும், கூடவே பேட்டரி ஒன்று சேர்த்து வாங்குங்கள்.