ஏற்காடா, கொல்லிமலையா?

சேலம் பக்கம் வந்து இரண்டு நாள் மலையில் தங்க நினைத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். இரண்டுமே கிழக்குத் தொடர்ச்சி மலை. இரண்டிலும் வாழ்பவர்கள் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர்; கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன் (ஏற்காடு இருக்கும் மலை), கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து குடியேறியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள்.

ஏற்காடு எளிது. 20 கொண்டை ஊசி வளைவுகள், சேலத்திலிருந்து ஒரு மணி நேரம். சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் குளிரும் கூடுதல். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவர்கள் யோசிக்காமல் இங்கேயே போகலாம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இது எஸ்டேட் மலை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி. ஏரியோடு திரும்பிவிடாமல் சேர்வராயன் கோயில் வரை போங்கள். குனிந்து நுழைய வேண்டிய சிறு குகைக்குள் சாமி இருக்கிறார். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று ஊர்க்காரர்கள் எல்லாம் திரண்டு வருவார்கள். சாப்பாட்டில்தான் ஏமாற்றம்: ஏரிக்கரையில் கிடைப்பது பெரும்பாலும் கீழே கிடைப்பதேதான்.

கொல்லிமலை உழைப்பைக் கேட்கும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல், லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் சொல்லும். ஆனால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவியின் சாரலில் நின்ற பிறகு படிக்கணக்கு மறந்துபோகும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியதாகச் சங்கப் புலவர் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு; ஆடியில் விழாவும் எடுக்கிறார்கள்.

என்னைக் கொல்லிமலைப் பக்கம் சாய்த்தது சாமைதான். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி வந்து உட்கார்ந்தது. மரவள்ளியில் கைக்குக் காசு வந்தது ஒரு காரணம். சாமையை உமி நீக்கிச் சோறாக்குவதற்குள் பெண்களின் தோள் கழன்றுவிடும் என்பது இன்னொன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதைகளைக் காப்பதோடு ஊருக்குள் சிறு அரவை இயந்திரங்களையும் கொண்டுவந்தது. மலையில் சாமைச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், முன்கூட்டியே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். கேட்கும் ஆள் இருந்தால்தான் விதைக்கும் கை இருக்கும். முடவாட்டுக்கால் சூப்பையும் விடாதீர்கள். ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும் அந்தக் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் தண்டு. மிளகு தூக்கலாகப் போட்டுக் கொடுத்தால் குளிருக்கு இதமாக இருக்கும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஏற்காடு. இரண்டு நாளும் நடக்கத் தெம்பும் இருந்தால் கொல்லிமலை. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் போங்கள், அருவியில் தண்ணீர் இருக்கும். திரும்பும்போது மட்டும் அந்த 70 வளைவுகளையும் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.