கிராண்ட் கேமனில் திருக்கை பார்க்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடந்த ஜூலையில் மயாமியில் சுற்றுலாக் கப்பலேறினோம். நான், கணவர், பத்து வயது மகள், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மா. கரீபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவில் திருக்கை மீன்களோடு நீந்துவதற்கு நான்கு பேருக்கும் சேர்த்து 260 அமெரிக்க டாலர் முன்பணமாகக் கட்டியிருந்தேன். ஒரு மணி நேரம் என்று சொல்லப்பட்ட இடத்தில் இருபது நிமிடம் நின்றோம். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு கிளம்ப எட்டு நிமிடம் இருந்தபோது துறைக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முட்டியிலும் வலி. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வேறு யாரும் தங்கள் அம்மாவை அப்படி இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடத்தின் மேல் குற்றம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவின் வடக்கே நார்த் சவுண்ட் என்ற பெரிய உப்பங்கழி இருக்கிறது. வெளியே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம்போல அமைதியாக இருக்கும். அந்தக் காலத்தில் மீனவர்கள் அங்கே படகை நிறுத்தி மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கடலில் போடுவார்கள். அதைத் தின்ன வந்த திருக்கைகள் படகுச் சத்தம் கேட்டாலே கூடிவரப் பழகிக்கொண்டன. 1980களில் அது சுற்றுலா இடமாக மாறியது. ஸ்டிங்ரே சிட்டி என்பார்கள். மணல்திட்டில் இடுப்பளவுத் தண்ணீர்தான், நீச்சல் தெரியாதவர்களும் நிற்கலாம். அதனால்தான் அம்மாவை அழைத்துப் போகத் துணிந்தேன்.

கப்பல் நிறுவனமும் இதே சுற்றுலாவை விற்றது. ஆளுக்கு முப்பது டாலர் குறைவாக இருந்ததால் இணையத்தில் வேறொரு முகவரிடம் வாங்கினேன். 'இருபது பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம், மூன்று இடங்கள், மூன்றரை மணி நேரம், கப்பல் நேரப்படியே நடக்கும்' என்று பக்கம் முழுக்க உறுதிமொழி. பணம் போனதும் வந்த ரசீதில் ஒரு பதிவு எண்ணும் '10:30' என்ற நேரமும் மட்டுமே இருந்தன. படகின் பெயர் இல்லை, படகுக்காரர் பெயரும் இல்லை. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் சிக்குவது இதில்தான். கேமன் தீவுகளில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மாற்றுவதில்லை. மயாமியில் மாற்றுகிறார்கள். எங்கள் கப்பல் மயாமி நேரத்தையே வைத்துக்கொண்டது. ஆகவே கோடையில் கப்பலில் மணி 10:30 என்றால் கரையில் 9:30. ரசீதில் இருந்த 10:30 கப்பல் நேரம் என்று நம்பி இறங்கினோம். கரையில் கைப்பட்டியல் வைத்திருந்த பெண்மணி, அது உள்ளூர் நேரம் என்றார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். பிறகும், படகுத்துறைக்குப் போகும் பஸ் நிறையவில்லை என்று காக்கவைத்து, உள்ளூர் நேரம் 11:15க்குத்தான் கிளப்பினார்கள். எங்களுக்குக் கடைசிப் படகு கப்பல் நேரம் 3:30, அதாவது உள்ளூர் நேரம் 2:30. மூன்றரை மணி நேரச் சுற்றுலா என்றால் கணக்கு அங்கேயே உதைத்தது. கேட்டதற்கு, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சிரித்தார்.

இன்னொன்று: தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல் கரையோடு ஒட்டி நிற்கத் துறை கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரமிடும், டெண்டர் என்ற சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்குவார்கள். கப்பல் நிறுவனம் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே வாங்கியவர்களுக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் விமானம் பிடிக்க வேண்டியதுதான்.

படகில் தலையை எண்ணினேன். 47 பேர். உட்கார இடமில்லாமல் மகள் என் மடியில் இருந்தாள். அங்கே நான்கடிக்குக் குறைவான ஆழத்தில் துடுப்புக் காலணி உட்பட எந்தக் காலணியும் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. மணலில் கிடக்கும் மீனை மிதித்துவிடக்கூடாது அல்லவா? எங்கள் படகில் அதை யாரும் சொல்லவில்லை. துடுப்புக் காலணியோடு குதித்தவர்களைத் தடுக்கவும் இல்லை.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. படகுப் பணியாள் ஒருவர் மூன்றடி அகலமுள்ள திருக்கை ஒன்றை இரண்டு கைகளாலும் அள்ளித் தண்ணீருக்கு மேலே தூக்கினார். முத்தமிட்டால் ஏழு வருடம் அதிர்ஷ்டம் என்று சொல்லி அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். வெள்ளை வயிறு, அதில் வாய், வாய்க்குக் கீழே செவுள் பிளவுகள் காற்றில் திறந்து திறந்து மூடின. வால்முள் எடுத்த மீன், பயப்பட வேண்டாம் என்றார். அம்மா பின்வாங்கினார். கடற்கரையில் வளர்ந்தவர் அவர். திருக்கை வலையில் வந்தால் முதலில் வால்முள்ளை ஒடித்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வாலின் அடிப்பக்கத்தைக் காட்டி, "முள் இருக்கிறதடி, பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்" என்றார். நானும் பார்த்தேன். வாலோடு படிந்து, விரல் நீளத்துக்கு, ஓரமெல்லாம் ரம்பப் பல்லோடு அது அப்படியே இருந்தது. மகள் கைநீட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மீன்கள் சாதுவானவை. தானாக வந்து காலில் உரசிப் போகும்போது அவ்வளவு அழகு. ஆனால் தூக்கினால், மிதித்தால், எந்த உயிரும் தன்னைக் காத்துக்கொள்ளத்தானே செய்யும்? அந்தப் பகுதியில் கடல் உயிர்களைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. இயல்பில் இரவில் இரை தேடும் இவை, மனிதர்கள் ஊட்டிப் பழக்கியதால் பகலில் திரியத் தொடங்கிவிட்டதை ஆய்வாளர்கள் 2013-ல் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் போய் நிற்பதற்கே அவை அவ்வளவு மாறியிருக்கின்றன. ஒரு படத்துக்காக மூச்சுத் திணறவும் வைக்க வேண்டுமா?

இருபது நிமிடத்தில் விசில். இரண்டாவது இடமான பவளத்தோட்டத்தில் படகு நின்றது, யாரையும் இறக்கவில்லை. நட்சத்திரமீன் கடற்கரை என்ற மூன்றாவது இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. திரும்பும் வழியில் படம் விற்றார்கள், '25 டாலர்' என்று. அட்டையைக் கொடுத்தேன். அது கேமன் டாலர் என்பது வங்கிக் கணக்கில் 31.25 அமெரிக்க டாலர் கழிந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு அமெரிக்க டாலருக்கு 80 கேமன் காசுதான் கடைகளில் கணக்கு. எந்த டாலர் என்று கேட்காமல் எதற்கும் அட்டையை நீட்டாதீர்கள்.

படகுத்துறையில் இறங்கியபோது உள்ளூர் நேரம் 1:45. இன்னொரு படகு வரவேண்டும் என்று பஸ்ஸை எடுக்க மறுத்தார் ஓட்டுநர். கணவர் குரலை உயர்த்திய பிறகு இரண்டு மணிக்கு எடுத்தார். 2:22க்கு ஜார்ஜ் டவுன். மீதிதான் மேலே சொன்ன ஓட்டம். டெண்டரில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை, முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் முழுக்க அறையைவிட்டு வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முகவர், தான் வெறும் இடைத்தரகர் என்றும் படகுக்காரரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதினார். எந்தப் படகுக்காரர் என்று கேட்டால் பதில் இல்லை. படகின் பக்கவாட்டில் இருந்த பெயரை நினைவில் வைத்து நானே தேடித் தொலைபேசியில் பிடித்தேன். முகவரிடமிருந்து தங்களுக்கு வந்தது மிகச் சிறிய தொகை, நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே அல்ல என்றார்கள். விற்றவருக்குப் படகு இல்லை, படகுக்காரருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது. அவர் கொடுத்த வாக்கை இவர் எப்படிக் காப்பாற்றுவார்?

தீவில் சொந்தப் படகு வைத்து ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே நேராக எழுதிக் கேளுங்கள்: படகு யாருடையது, எத்தனை பேர், எந்தக் கடிகாரம், கடல் கொந்தளித்துக் கப்பல் அங்கே நிற்காமல் போய்விட்டால் பணம் திரும்பி வருமா. எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் கப்பல் நிறுவனத்திடமே வாங்கிவிடுங்கள். அந்த முப்பது டாலர் மிச்சம் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். சான்று கேட்டார்கள். அந்தப் படங்கள்தான் என் கையில் இருந்த ஒரே சான்று. முதல் படத்தில் நேரம் 12:38, கடைசிப் படத்தில் 12:58. நடுவில் ஒன்றில் பணியாளின் கையில் தண்ணீருக்கு மேலே திருக்கை, பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, பின்னால் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். அந்தப் படத்தை வங்கிக்கும், கேமன் அரசின் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்பியிருக்கிறேன்.