பாத்ரூம் சுவருக்கு பிர்லா வைட் பட்டி: எங்கே நிற்கும், எங்கே உதிரும்

பாத்ரூமில் டைல்ஸுக்கு மேலே உள்ள மூன்றடிச் சுவரும் கூரையும்தான் முதலில் தோல் உரியும். பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசுவதுதான் பட்டி. அந்த இடத்துக்கு பிர்லா வைட் வால்கேர் பட்டி சரியான சரக்குதான். வெள்ளை சிமெண்டில் செய்தது, ஈரம் பட்டால் ஊறிக் குழையாது. டப்பாவில் குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டி தேய்க்கச் சுலபம். ஆனால் அது ஹாலோடு நிற்கட்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. உரிந்த இடத்தைத் துடைத்து, ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல்வீட்டு பாத்ரூம் தரையோ, சுவருக்குள் ஓடும் பைப்போ கசியும். அதை அடைக்காமல் எந்தப் பட்டி பார்த்தாலும் உப்புப் பூத்துத் தள்ளிவிடும். பட்டி என்பது கசிவை அடைக்கும் வாட்டர்ப்ரூஃபிங் சரக்கு அல்ல. கடையில் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் வேர்த்தால் வெந்நீர் ஆவிதான் காரணம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பாதி வேலை சுரண்டுவதுதான். பழைய சுண்ணாம்பின் மேல் பூசினால், பட்டி சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், அதோடு சேர்ந்தே விழும். சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாள் போட்டுக் கழுவுங்கள். பூசும்போது சுவர் லேசாக நனைந்திருக்க வேண்டும். காய்ந்த சுவர் பட்டியிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகாமல் மாவாகக் கொட்டும். பாதிப் பேர் ‘டூப்ளிகேட் பட்டி’ என்று திட்டுவது இதைத்தான்.

கிலோவுக்கு 360 முதல் 400 மில்லி தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் கட்டியில்லாமல் குழைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் பிடிமானம் போய்விடும். முதல் கோட் காய்ந்தபின் இரண்டாவது. இரண்டும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பள்ளங்களைப் பட்டியால் நிரப்பினால் விரிசல் விடும், அதற்குச் சிமெண்ட் கலவைதான்.

கிலோவுக்கு 20–22 சதுர அடி என்பது நிறுவனக் கணக்கு. சுரண்டிய கரட்டுச் சுவரில் அது எட்டாது. 5×7 அடி பாத்ரூமில் கூரையும் மேல்சுவரும் ஏறக்குறைய 107 சதுர அடி வரும். பத்து கிலோ வாங்கிவிடுங்கள்.

மேலே டிஸ்டம்பர் அடித்தால் செய்த வேலை வீண். பூஞ்சை தாங்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட் போதும். ஆயில் பெயின்ட் கழுவ வசதிதான், ஆனால் உள்ளே மிச்சம் ஈரம் இருந்தால் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும்.